பழைய நேரக் காத்தமுத்து

தலகொல்ல ரப்பர் தோட்டத்தில் யாரிடம் வேண்டுமானாலும் மணி கேளுங்கள், காத்தமுத்துவிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள் என்று பத்து வருஷமாக ஒரு பேச்சு இருந்தது. கேட்டால் சொல்ல மாட்டான் என்றில்லை. இடது கையை மடக்கி முகத்துக்கு நேரே தூக்கி, நிதானமாகப் பார்த்து, "ரெண்டு அஞ்சு. ஒங்களுக்கு ரெண்டு முப்பத்தஞ்சு" என்பான். ஊருக்கு ஒரு மணி, தனக்கு ஒரு மணி என்று வைத்துக்கொண்டிருந்த மனுஷன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துப் பிள்ளைகள் அவனுக்குப் 'பழைய நேரம்' என்று பேர் வைத்தார்கள். பிறகு பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால் பதில் வராது. பிடிவாதம் என்றார்கள். மண்டையில் ஏதோ ஒன்று கழன்றுவிட்டது என்றார்கள். சொந்த மகளே அப்படித்தான் நினைத்தாள். பாவி மனுஷன், ஒருவரிடமாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

காத்தமுத்து முதலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலையில்தான் இருந்தான். தொண்ணூற்று இரண்டில் அவனைக் காவலுக்கு வாச்சர் ஆக்கினார்கள். தோட்டத்தின் கீழ் எல்லையில் ஓர் ஓடை ஓடுகிறது. இரத்தினபுரிப் பக்கத்து ஓடைகளுக்கெல்லாம் உள்ள தலையெழுத்து அதற்கும் உண்டு. அடியில் மாணிக்கக் கல் கிடக்கும் என்று வெளியாட்கள் கூடையும் மண்வெட்டியுமாக வந்து கரையைக் குடைவார்கள். அதற்குத்தான் பகல் வாச்சர். இவனைத் தேர்ந்தெடுத்த காரணம் இவன் கண். ஓடைத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மேலே எந்த வளைவில் எத்தனை பேர் தோண்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவான். பலாமரத்தடியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பான். கலங்கி வந்தால் எழுந்து விசில் அடித்துக்கொண்டே மேலே நடப்பான். விசில் எதற்கு? அவர்கள் ஓடிப்போக அவகாசம் வேண்டாமா? ஆளைப் பிடிப்பதில் அவனுக்கு ஆசை இல்லை. அவர்கள் விட்டுப்போன குழியைப் பார்த்துச் சிங்களத்தில் நாலு வார்த்தை ஏசிவிட்டுத் திரும்பிவிடுவான்.

பார்க்கத் தெரிந்த அளவுக்கு அவனுக்குப் பேசத் தெரியாது. கோளாறெல்லாம் அங்கேதான். கல்யாணம் பேசப் போன அன்றுகூட பெண்தான் வாயைத் திறந்தாள். உங்களுக்குச் சம்மதமா என்று அழகம்மா நேராகக் கேட்டாள்; இவன் தலையை ஆட்டினான். அந்தத் தலையாட்டலிலேயே குடும்பம் ஓடியது, சுதர்ஷினி என்று ஒரு பெண் பிள்ளையும் பிறந்தது.

தொண்ணூற்று நாலில் அழகம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அந்தக் காலத்தில் லயத்துக்கு ஒருத்தியாவது போனாள். பிள்ளைக்கு நாலு வயது. கூரைத் தகரம் ஓட்டை. பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ரெண்டே வருஷம், கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்துவிடுவேன் என்றாள். போகிற அன்று எஹலியகொட டவுனில் வளையல், துணி, குடை விற்கிற கபூர் நானாவின் பென்சிக் கடைக்கு அவனைக் கூட்டிப்போய், சாவி கொடுக்கிற வாட்ச் ஒன்றை வாங்கி அவன் கையில் கட்டினாள். கடைச் சுவரில் இருந்த பெரிய மணிக்கூட்டைப் பார்த்து அவளே முள்ளைத் திருப்பி வைத்தாள். தினமும் காலையில் சாவி கொடுங்க, முள்ளை மட்டும் தொடாதீங்க, அங்க இருந்துக்கிட்டு நீங்க இந்நேரம் என்ன செய்வீங்கன்னு நான் நெனச்சுப் பார்க்கணும் என்றாள். வழக்கம்போல அவன் தலையை ஆட்டினான்.

கபூர் நானா தன் கடைத் தொலைபேசிக்கே கூப்பிடச் சொல்லிவிட்டார். நல்ல மனுஷர். முதல் கடிதத்திலேயே அழகம்மா ஏற்பாட்டை எழுதிவிட்டாள். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை, நம்ம ஊர் மணி ரெண்டு. ஏன் அந்த நேரம் என்றால், வெள்ளிக்கிழமை அந்த வீட்டு ஆண்கள் எல்லாரும் ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போய்விடுவார்கள். வீட்டுக்காரி தன் தாய் வீட்டுக்குப் போவாள். அந்த இடைவெளியில் அவளுக்குப் பத்து நிமிஷம் பேச அனுமதி. வேறு நேரத்தில் தொலைபேசியைத் தொடக்கூடாது. அந்த வீட்டு எண்ணையும் யாருக்கும் கொடுக்கக்கூடாது.

இங்கே கபூர் நானாவும் வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஜும்மாவுக்குப் போய், ஒன்றரைக்குத் திரும்பவும் திறந்துவிடுவார். ரெண்டு மணிக்குத் தொலைபேசி அடிக்கும். ரெண்டு ஐம்பதுக்குத் தோட்டத்து ரோட்டு பஸ் கடை வாசலிலேயே நிற்கும். மூன்றரைக்குள் காத்தமுத்து ஓடைக்கரைக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது ஆபீஸ் கட்டளை. அவனுக்காகவே அளந்து தைத்த சட்டை மாதிரி எல்லாம் பொருந்தி இருந்தது. ரெண்டு வருஷம் ஒரு வெள்ளி தப்பவில்லை.

ஒரு நாள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் அவனிடம் ஒரு வேடிக்கை சொன்னார். இங்கிலீஷில் கையில் கட்டுகிறதும் வாட்ச், ஓடைக்கரையில் நீ பார்க்கிற வேலையும் வாட்ச், ஒருத்தர் வருகிறாரா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் வாட்ச், வெள்ளைக்காரன் ஒரே சொல்லை வைத்து இத்தனை காரியத்தையும் முடித்துக்கொள்கிறான் என்றார். காத்தமுத்து தலையை ஆட்டினான். அவனும்தான் மூன்றையும் ஒரே ஆளாகச் செய்துகொண்டிருந்தான், அதற்கு அவனுக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

தொண்ணூற்றாறு மே மாதத்து வெள்ளியில் அழகம்மா விஷயத்துக்கு வந்தாள். ஒப்பந்தம் முடியப் போகிறது. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் முதல் வெள்ளி சாயங்காலம் கையெழுத்துக் கேட்பார்கள்.

"வரவா, இருக்கவா? நீங்க சொல்றதுதான்" என்றாள்.

கடையில் அன்றைக்கு ஆறேழு பேர் நின்றார்கள். வளையல் பார்க்கிற பெண்கள், குடை வாங்க வந்த பள்ளிக்கூட மாஸ்டர். அத்தனை பேர் காது கேட்க, வந்துவிடு என்று பெண்டாட்டியிடம் சொல்ல இந்த மனுஷனுக்குக் கூச்சம். நாக்கு நுனி வரைக்கும் வந்த சொல்லை விழுங்கிவிட்டு, யோசித்து அடுத்த மாதம் சொல்கிறேன் என்றான். யோசிக்க என்ன இருக்கிறது? ரெண்டு வருஷமாக ஒவ்வொரு ராத்திரியும் பக்கத்துப் பாயைத் தடவிப் பார்க்கிறவனுக்கு இதில் என்னய்யா யோசனை?

ஒரு மாதம் முழுக்க ஓடைக்கரையில் உட்கார்ந்து அந்தச் சொல்லைப் பழகினான். தண்ணீரைப் பார்த்து, "வந்துரு அழகு" என்பான். சத்தமாகச் சொல்லிப் பார்ப்பான், மெதுவாகச் சொல்லிப் பார்ப்பான். பலாமரத்தில் இருந்த குரங்குகள்கூட அதை மனப்பாடம் செய்திருக்கும்.

அந்த மே மாதக் கடைசியில் அரசாங்கம் நாட்டின் மணியை மாற்றியது. மழை இல்லை, மின்சாரம் போதவில்லை. அதனால் எல்லாரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளி வையுங்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். தலகொல்ல லயத்தில் அப்போது மின்சாரமே கிடையாது. இல்லாத மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லயத்துக்காரனும் மணியை மாற்றினான். வாச்சர்மார் எல்லாரும் புது நேரத்துக்கு வைக்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்தும் சொல்லிவிட்டார்கள். முள்ளைத் தொடாதே என்று அழகம்மா சொன்னது காத்தமுத்துவுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆபீஸ் கட்டளை. தயங்கித் தயங்கி, ஒரு சுற்றுத் திருப்பினான்.

நம் நாட்டில் மணி மாறினால் குவைத்திலும் மாறிவிடுமா என்று யாருக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை, கபூர் நானாவுக்கும் தோன்றவில்லை. மணி என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே என்றிருந்த சனங்கள்.

ஜூன் மாதத்து முதல் வெள்ளி. காத்தமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, புது நேரம் ஒன்றே முக்காலுக்கே கடை வாசலில் இருந்தான். கடை பூட்டியிருந்தது. இந்நேரம் திறந்திருக்க வேண்டுமே என்று நினைத்தான், ஆனால் அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு மேலே போகவில்லை. தொழுகை சூரியனைப் பார்த்து நடக்கிறது, அரசாங்கம் ரேடியோவில் சொன்னதற்காகச் சூரியன் முன்னால் தள்ளிப் போகவில்லை. ஓடைத் தண்ணீரைப் பார்த்து உலகத்தைக் கண்டுபிடிக்கிறவன், அன்று அந்தப் பூட்டைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா?

வாசற்படியில் உட்கார்ந்து பலகைக் கதவில் காதை வைத்துக் கேட்டான். ரெண்டானது. உள்ளே சத்தம் இல்லை. ரெண்டரைக்குக் கபூர் நானா வந்து கதவைத் திறந்தார். தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் நின்றான். அது சும்மா கிடந்தது. எடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னான். லைன் இருக்கிறது என்று காட்டுகிற இழுவைச் சத்தம் சரியாகத்தான் வந்தது. ரெண்டு ஐம்பதுக்கு பஸ் வந்தது. அந்த வாரம்தான் ஓடையில் ஒரே நாளில் மூன்று குழி தோண்டியிருந்தார்கள், மூன்றரைக்கு ஆள் அங்கே நிற்க வேண்டும் என்று கிளாக்கர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். இன்னும் கொஞ்சம் நின்று பாரேன் என்று கபூர் நானா சொன்னார். காத்தமுத்து ஒரு காலை மிதிபலகையில் வைத்துக்கொண்டு கடையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஏறிவிட்டான். யாரோ ஒருத்தருடைய ஓடையைக் காவல் காக்கப் போய்விட்டான்.

பஸ் போனதும் கபூர் நானா சாப்பிட உள்ளே போனார். கடையைப் பார்த்துக்கொள்ள அவர் மனைவி றுகையா வீட்டுப் பக்கமிருந்து வந்து உட்கார்ந்தாள். காத்தமுத்து வந்ததும் அவளுக்குத் தெரியாது, போனதும் தெரியாது. புது நேரம் மூன்றுக்குத் தொலைபேசி அடித்தது. குவைத்தில் அது எப்போதும் போல பதினொன்றரை.

காத்தமுத்து வந்தாரா என்று அழகம்மா கேட்டாள். றுகையா கடையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். "இன்னக்கி வரல்ல" என்றாள். நல்லாப் பாருங்க அக்கா, வாசல்ல நிப்பாரு என்றாள் அழகம்மா. றுகையா எழுந்து வாசலுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, வரவில்லை என்றே சொன்னாள்.

"சரிங்கக்கா. வரலன்னா அதுதான் பதில்" என்று அழகம்மா வைத்துவிட்டாள்.

சாப்பிட்டு முடித்து வந்த கபூர் நானா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே சைக்கிளில் நாலு கட்டை தூரம் மிதித்துத் தோட்டத்துக்கு வந்து சொன்னார். காத்தமுத்து பாறைமேல் உட்கார்ந்திருந்தான். கேட்டான். அவர் போன பிறகு வாட்சைக் கழற்றி, முள்ளைப் பின்னால் திருப்பி, அவள் வைத்த நேரத்துக்கே வைத்தான். அதற்கப்புறம் அந்த முள்ளை அவன் தொடவே இல்லை.

அடுத்த மாதம் அவன் காலையிலேயே கடைக்குப் போய்விட்டான். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று றுகையாவும் பக்கத்தில் வந்து நின்றாள். தொலைபேசி அடித்தது, எடுத்தான். இவன் வாய் திறப்பதற்குள் அழகம்மா பேச ஆரம்பித்துவிட்டாள். கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். நீங்க வராததிலேயே விளங்கிக்கொண்டேன், வாயால சொல்லச் சங்கடப்பட்டிருப்பீங்க, அதுவும் நல்லதுதான், ரெண்டு வருஷம் ஓடிப்போய்விடும் என்று சிரித்துச் சிரித்துப் பேசினாள். அந்தச் சிரிப்பு எதை மூடி வைத்திருக்கிறது என்று அவனுக்கா தெரியாது? றுகையா தொலைபேசிக்குக் கை நீட்டினாள். வேண்டாம் என்று அவன் கையைக் காட்டித் தடுத்துவிட்டான்.

அவன் நினைத்தது இதுதான். கையெழுத்துப் போட்டாகிவிட்டது, இனி வர முடியாது. நடந்தது வெறும் மணிக் கோளாறு என்று தெரிந்தால் ரெண்டு வருஷமும் அந்த வீட்டுத் தரையைத் துடைத்துத் துடைத்து அழுவாள். நாமாக எடுத்த முடிவு என்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவாள். அதனால், "ஆமா, அதுதான் நல்லது" என்றான். வாழ்நாளில் அவன் கூச்சப்படாமல் சொன்ன ஒரே பேச்சு அந்தப் பொய்தான். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கபூர் நானாவிடமும் றுகையாவிடமும் வாக்கு வாங்கிக்கொண்டான்.

அன்பினால் சொன்ன பொய்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அது இவன் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. தொண்ணூற்றெட்டில் அழகம்மா வரவா என்று கேட்கவே இல்லை. கையெழுத்துப் போட்டுட்டேன் என்று மட்டும் சொன்னாள். அவருக்கு நான் இங்கே இருப்பதுதான் பிடித்திருக்கிறது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அவளுக்கு அங்கே இருப்பது பழகிவிட்டது என்று இவன் முடிவு கட்டினான். "ம்" என்றான். இரண்டாயிரத்தில் ஒரு "ம்". இரண்டாயிரத்து ரெண்டில் ஒன்று. நாலில் ஒன்று. லீவில் ஒரு தடவை வந்து போகலாமே என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். ஒரு தடவை வந்தால் திரும்பிப் போக மாட்டேன், அதனால் வரவில்லை என்று அவள் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைக் காத்தமுத்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தான், மடிப்பு கிழியும் வரைக்கும். அதில் இருந்த ஏக்கம் அவனுக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? திருப்பி ஒரு வரி எழுதச் சொல்லி மகளிடம் கேட்கக்கூட அவனுக்கு நாக்கு வரவில்லை.

மணியும் சும்மா இருக்கவில்லை. தொண்ணூற்றாறு முடிவதற்குள் அரசாங்கத்துக்கே சலித்துப்போய் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. அழகம்மாவின் அழைப்பு ஊருக்கு முதலில் மூன்று மணிக்கு வந்தது, பிறகு ரெண்டரைக்கு வந்தது. மூன்று மணிக்கு வந்த மிச்ச நாலு மாதமும் பஸ்ஸை விட்டுவிட்டு நாலு கட்டையும் நடந்தே திரும்பினான், கிளாக்கரிடம் ஏச்சு வாங்கினான். காத்தமுத்துவின் கையில் மட்டும் அது எப்போதும் ரெண்டு மணிக்கே வந்தது. வாட்சின் பட்டி நாலு தடவை அறுந்தது, கண்ணாடி கீறல் விழுந்து மங்கியது. ஒவ்வொரு நாள் காலையிலும் சாவி கொடுக்கும்போது, இப்போது அங்கே விடியவில்லை, தூங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பான். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது, இப்போது அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று நினைப்பான். அதற்கப்புறம் சோறு இறங்காது.

சுதர்ஷினியை அவனுடைய அக்கா வளர்த்தாள். டவுன் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தாள். ஆனால் அப்பாவோடு அவளுக்குப் பேச்சு குறைவு. அம்மாவை அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷன் என்று அவளுக்குள் ஒரு கோபம் வளர்ந்திருந்தது. அம்மா ஏன் வரமாட்டேங்கிறாங்க என்று சின்ன வயதில் கேட்டு, பதில் வராமல், கேட்பதையே விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து ஆறு சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் மிச்சமிருந்த அரை மணித்தியாலத்தையும் திருப்பிக் கொடுத்தது. நாடு பழைய நேரத்துக்கே வந்து சேர்ந்தது. லயம் முழுக்க முள்ளைத் திருப்பிக்கொண்டிருக்க, காத்தமுத்து மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தான். பழைய நேரம் ஜெயித்துவிட்டது என்று எல்லாரும் கேலி செய்தார்கள். அவன் சிரித்தான், ஆனால் அவன் மனதெல்லாம் ஜூன் மாதத்தில் இருந்தது. ஜூனில் அழகம்மா மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். ஆறாவது கையெழுத்து.

மே மாதத்து முதல் வெள்ளி சுதர்ஷினியும் அவனோடு கடைக்கு வந்தாள். பரீட்சை முடிவை அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். காத்தமுத்து வாசலில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே, நரைத்துப்போன கபூர் நானா முக்காலியில் ஏறி, வாசலில் நின்றவனின் கையை எட்டிப் பார்த்து, இன்னும் மாற்றாமல் கிடந்த சுவர் மணிக்கூட்டைத் திருத்தினார்.

"அப்பாவோட பைத்தியத்துக்கு இப்ப அரசாங்கமும் தொணைக்கு வந்துருச்சு" என்றாள் சுதர்ஷினி.

றுகையாவுக்கு அது பொறுக்கவில்லை. பத்து வருஷமாக நெஞ்சில் கிடந்த கல். கொடுத்த வாக்கை அந்த இடத்திலேயே போட்டு உடைத்தாள். பெண்ணின் கையைப் பிடித்து உட்கார வைத்து, தொண்ணூற்றாறில் நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். மணி மாறியது, பூட்டிய கடை, பஸ், பத்து நிமிஷம், எல்லாம்.

"நான்தான் மகள், அவர் வரல்லண்டு சொன்ன. ஒங்கட வாப்பா அந்தப் பக்கம் பஸ்ஸுல போய்க்கொண்டிருக்கிற. நான் வரல்லண்டு சொல்லிட்டன்" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

சுதர்ஷினி வாசலில் நின்ற அப்பாவின் முதுகைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை, மடக்கிப் பிடித்த இடது கை. இத்தனை வருஷமாக அந்தக் கையைப் பார்த்து எரிச்சல்பட்டிருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது.

ரெண்டுக்குத் தொலைபேசி அடித்தது. காத்தமுத்து திரும்பி வருவதற்குள் அவள் எடுத்துவிட்டாள். பரீட்சை முடிவைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

"அம்மா, அன்னைக்கு அப்பா வந்தாருமா. தொண்ணூத்தாறுல. மணி மாறுனதுல ஒரு மணித்தியாலம் முன்னாடியே வந்து நின்னுட்டு, பஸ்ஸுக்குப் போயிட்டாரு. நீங்க கூப்பிட்டதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடிதான் போனாரு" என்றாள்.

அந்தப் பக்கமிருந்து அப்பாவிடம் கொடு என்ற சத்தம் வந்தது. காத்தமுத்து வாங்கிக்கொண்டான்.

"நெசமா வந்தீங்களா?" என்றாள் அழகம்மா.

"ம்."

"என்ன சொல்ல வந்தீங்க?"

கடையில் அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்கள். துணி கிழிக்கச் சொல்லிவிட்டு நிற்கிற ரெண்டு பெண்கள், குழந்தையின் காலுக்குச் சப்பாத்துப் போட்டுப் பார்க்கிற ஒரு சிங்களக் குடும்பம். எல்லாரும் இவனைத்தான் பார்த்தார்கள். காத்தமுத்து அவர்களைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"வந்துருன்னு சொல்ல வந்தேன்" என்றான். இன்னும் கொஞ்சம் சத்தமாக, "வந்துரு அழகு" என்றான்.

"பத்து நிமிஷத்துக்கு பத்து வருஷமா?" என்று கேட்டாள் அவள். அதற்கப்புறம் அழுதாள். இவனும் அழுதான். ஐம்பதை நெருங்குகிற ஆள், நடுக் கடையில் நின்று, தொலைபேசியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். பத்து நிமிஷமும் அழுகையிலேயே போனது. கபூர் நானா துணியைக் கிழிக்காமல் கத்தரிக்கோலோடு நின்றார்.

ஜூனில் அழகம்மா கையெழுத்துப் போடவில்லை. ஜூலை மாதம் வந்து இறங்கினாள். முன்தலை நரைத்திருந்தது, கைகள் சோப்புத் தண்ணீரில் வெளுத்து வெடித்திருந்தன. நாலு வயதில் விட்டுப்போன பிள்ளை அவளைவிட ஒரு சாண் உயரமாக நின்றது. லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் எது எங்கே இருக்கிறது என்று மகளைக் கேட்டுக் கேட்டுத்தான் சமைத்தாள். பன்னிரண்டு வருஷம் என்றால் லேசா? ராத்திரி இவன் புரண்டு படுத்தால் அவள் திடுக்கிட்டு விழித்துக்கொள்வாள், அவள் இருமினால் இவன் எழுந்து உட்கார்ந்துவிடுவான். பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது ரெண்டு பேருக்கும் மறந்து போயிருந்தது.

ஆகஸ்ட் மாதம் முதல் வெள்ளிக்கிழமை. காத்தமுத்து ஓடைக்கரையிலிருந்து வந்து குளித்தான். வெள்ளைச் சட்டையைப் போட்டான், தலைக்கு எண்ணெய் வைத்தான். எங்கே கிளம்பிட்டீங்க என்று அழகம்மா கேட்டாள். கபூர் நானா கடைக்கு என்றான். சொல்லிவிட்டு அவனே நின்றுவிட்டான். சட்டைப் பொத்தானில் வைத்த கை அப்படியே இருந்தது.

அவள் சிரிப்பாள் என்று பார்த்தால், சிரிக்கவில்லை. கைவேலையைப் போட்டுவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். ஜும்மா முடிந்து கபூர் நானா கடையைத் திறந்தார். இவர்கள் ஏன் வந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. றுகையா நாற்காலி ஒன்றை எடுத்துத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போட்டு, அழகம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள். காத்தமுத்து எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றான்.

தொலைபேசி சும்மா கிடந்தது. சுவர் மணிக்கூடு ரெண்டு அடித்தது. அவன் இடது கையை மடக்கி, முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"ரெண்டாயிருச்சு" என்றான்.

"வந்துட்டேன்" என்றாள் அழகம்மா.